தாளில் சதயம்

9 ஆகஸ்ட் 1965, திங்கள்

காலை பத்து மணிக்குப் பிறகு பதிவு அலுவலகத்தில் யாரும் வேலை செய்யவில்லை. எதிர்க் காப்பிக்கடையில் வானொலியைப் பெரிதாக வைத்திருந்தார்கள். சிங்கப்பூர் மலேசியாவிலிருந்து பிரிந்துவிட்டது. இன்று முதல் தனி நாடு. வரிசையில் நின்றவர்கள் வீட்டுக்குப் போகவும் இல்லை, முகப்பு மேசைக்கு வரவும் இல்லை. ஒரு சீனக் கிழவர் மட்டும் தன் முறை வந்ததும் படிவத்தை நீட்டி, இது இனிமேல் செல்லுமா என்று மலாயில் கேட்டார். தெரியவில்லை என்றேன். கண்ணாடிக்கு அப்பால் என் குரல் கேட்கவில்லை. எப்போதும் கேட்பதில்லை. அவர் தலையாட்டிவிட்டுப் போனார்.

மதியம் பெரிய கிராணி எங்களைக் கூப்பிட்டார். தலைமை எழுத்தரை இங்கே எல்லோரும் அப்படித்தான் சொல்கிறோம். பெயர் சின்னத்துரை, யாழ்ப்பாணத்துக்காரர். இந்த ஊர் மக்களின் பிறப்பையும் குடியுரிமையையும் முப்பது வருடமாகப் பதிந்துகொண்டிருப்பவர். படிவங்களின் தலைப்பில் 'மலேசியா' என்று அச்சாகியிருப்பதை அடிக்கோல் வைத்து ஒரே கோடாக அடிக்கச் சொன்னார்.

"கிறுக்கக் கூடாது, பிள்ளை. நேற்றுவரைக்கும் அது எங்கட நாடு."

தற்காலிக எழுத்தர்களில் நான் மட்டும்தான் பட்டதாரி. அதனால் கோடு நேராக வரும் என்று என்னிடம் கட்டுக்கட்டாகத் தந்தார்கள்.

வீட்டுக்கு வர ஏழாகிவிட்டது. அப்பா மலாயா ரயில்வேயில் கேட் கீப்பர். கிராஞ்சியில் ரயில் சாலையைக் குறுக்கே கடக்கும் இடத்தில் கேட்டை மூடித் திறப்பது அவர் வேலை. கேட்டை ஒட்டிய இரண்டு அறை குவாட்டர்ஸ்தான் எங்கள் வீடு. சைக்கிளோடு கேட்டில் காத்திருந்த ஒருவர், இனி நீ எந்தக் கொடியைப் பிடிப்பாய் என்று அப்பாவைச் சீண்டிக்கொண்டிருந்தார். "எனக்கு எப்பவும் ரெண்டு கொடிதான். பச்ச, செவப்பு. ரயிலு எந்த நாட்டுதுன்னு கொடிக்குத் தெரியாது" என்றார் அப்பா.

அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "இந்தக் கேட்டு இங்கயேதான இருக்கும்?"

12 ஆகஸ்ட்

இன்றும் கோடு. விரலில் மை. சோப்புக்குப் போகவில்லை.

26 ஆகஸ்ட், வியாழன்

எனக்கு இருபத்துமூன்று முடிந்தது. அம்மா வழக்கம்போல விடியுமுன் எழுந்து ஏலக்காய் போட்டுப் பால் காய்ச்சினாள். வழக்கம்போல முதல் டம்ளர் எனக்கு இல்லை. வீட்டின் பின்னால், தண்டவாளத்துக்கும் வேலிக்கும் நடுவே நிற்கும் முருங்கை மரத்தடியில் அதைக் கொண்டுபோய் வைத்தாள். இரண்டாவது டம்ளர் எனக்கு. சின்ன வயதில் அது காக்கைக்கு என்று நினைத்திருந்தேன். காக்கைக்குச் சோறு வைப்பார்கள், பால் யார் வைப்பார்கள் என்று பள்ளியில் ஒருத்தி கேட்டாள். அம்மாவிடம் கேட்க வேண்டும் என்று நினைத்து மறந்துவிட்டேன்.

பிறப்புச் சான்றிதழைப் பெட்டியிலிருந்து எடுத்துப் பார்த்தேன். நான் பிறந்தது ஜப்பான்காரன் ஆண்ட காலம். அவன் சிங்கப்பூருக்குச் சியோனான் என்று பெயர் வைத்திருந்தான். வருடமும் அவன் கணக்குத்தான்: 2602. முதல் வகுப்பில் சேர்க்கப் போனபோது, இந்தப் பிள்ளை பிறக்க இன்னும் அறுநூறு வருஷம் இருக்கிறதே என்று ஆசிரியை சிரித்தார். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்து, ஏழு வயது என்கிறது தாள், ஐந்து வயதுப் பிள்ளை மாதிரி இருக்கிறாளே என்றார். "சண்டக்காலத்துப் புள்ள, டீச்சர். மரவள்ளிக்கெழங்கு தின்னு வளந்தது" என்றாள் அம்மா. வகுப்பில் எப்போதும் நான்தான் முதல் வரிசையில் நின்றேன். பட்டமளிப்புப் படத்திலும் அப்படித்தான்.

14 அக்டோபர், வியாழன்

கூட்டம் குறையவே இல்லை. இந்த மண்ணில் பிறந்தவர்களுக்குச் சிக்கல் இல்லை. மற்றவர்கள் விண்ணப்பிக்க வேண்டும், காத்திருக்க வேண்டும். நம் ஆட்கள் பாதிப் பேருக்குப் பிறந்த தேதி தெரியாது. நட்சத்திரம் தெரியும், எந்தப் பண்டிகையை ஒட்டி என்று தெரியும். அதற்காகவே பெரிய கிராணி பழைய பஞ்சாங்கங்களைச் செய்தித்தாளில் சுற்றி அலமாரியில் வைத்திருக்கிறார். சண்டைக்கால வருடங்களின் பஞ்சாங்கம் அப்போது கப்பலில் வரவில்லையாம். பிறகு யாழ்ப்பாணத்தில் இருக்கும் தம்பிக்கு எழுதி ஒவ்வொன்றாக வரவழைத்தாராம். மாதம், கிழமை, நட்சத்திரம் மூன்றும் ஒரு பக்கத்தில் கூடினால் அதற்கு நேரான ஆங்கிலத் தேதியை எழுதுவார். கூடாவிட்டால் "சரிபார்க்க இயலவில்லை" என்று எழுதுவார். சட்டத்தில் இது எங்கும் இல்லை. ஆனால் அவர் எழுதினால் மேலே யாரும் மறுப்பதில்லை. இன்று எனக்கும் பார்க்கச் சொல்லிக்கொடுத்தார்.

"ஆள் பொய் சொல்லும், பிள்ளை. நட்சத்திரம் சொல்லாது. விளங்குதோ?"

நான் தனியாகப் பார்த்த முதல் ஆள் வீராயி. கடற்படைத் தளத்தில் கூட்டிப் பெருக்குகிறவள், வயது நாற்பதுக்குப் பக்கம். செம்பவாங் ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தாளாம். ஆடிப்பெருக்குக்கு மறுநாள், செவ்வாய்க்கிழமை, பரணி. பெரிய வெள்ளம் வந்ததற்கு மறுவருஷம். தேடினேன். அந்த வருடம் கூடவில்லை. முன்னே பின்னே நான்கு வருடம் தேடினேன். எதிலும் கூடவில்லை. பெரிய கிராணியைப் பார்த்தேன். எழுது என்று அவர் கையால் காட்டினார். "சரிபார்க்க இயலவில்லை" என்று எழுதினேன்.

வீராயி கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு கேட்டாள். "அப்ப எங்காத்தா பொய் சொல்லிருக்கும்கிறியா, புள்ள?"

நான் சொன்ன பதில் அவளுக்குக் கேட்கவில்லை. என்ன சொன்னேன் என்று எனக்கும் நினைவில்லை.

3 நவம்பர், புதன்

சாப்பாட்டு நேரத்தில் மற்றவர்களோடு உட்கார எனக்குக் கூச்சம். பஞ்சாங்க அலமாரிக்குப் பக்கத்திலேயே சாப்பிடுகிறேன். இன்று பழகிப் பார்ப்பதற்காக என் பிறப்பையே எடுத்துக்கொண்டேன். சித்திரபானு வருடம், ஆவணி, ஆங்கிலத் தேதி 26 ஆகஸ்ட் 1942. பௌர்ணமி. சதயம்.

அம்மா கோயிலில் எப்போதும் என் நட்சத்திரத்தை மகம் என்றுதான் சொல்லுவாள். மகத்தில் பிறந்தவள் ஜெகத்தை ஆளுவாள் என்று பக்கத்து ரயில்வே லயன் வீட்டுப் பெண்களிடம் பெருமை பேசுவாள்.

ஜப்பான்காரன் கடிகாரத்தை டோக்கியோ நேரத்துக்கு மாற்றி வைத்திருந்தான் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அதனால் இருக்கும்.

5 நவம்பர்

சதயத்துக்கும் மகத்துக்கும் நடுவே ஏறக்குறைய பாதி மாதம். கடிகாரத்தால் அவ்வளவு தள்ளாது. அம்மா மறந்திருப்பாள்.

பஞ்சாங்கத்தை அன்று மூடாமலே போய்விட்டேன் போலிருக்கிறது. பெரிய கிராணி அதைத் திரும்பச் சுற்றி வைத்துக்கொண்டிருந்தார்.

20 டிசம்பர், திங்கள்

இரண்டு கடிதங்கள் ஒரே நாளில்.

அலுவலகத்தில் சுற்றறிக்கை. தற்காலிக ஊழியர்களில் குடிமக்களுக்கு மட்டும் வேலை நிரந்தரமாகும். பிறந்த இடமும் தேதியும் உண்மை என்று ஜூனில் சத்தியம் செய்து கையெழுத்திட வேண்டும். குடிமக்கள் அல்லாதவர்கள் வேலை அனுமதி கேட்க வேண்டும். எழுத்தர் வேலைக்கு அது கிடைக்காது என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அந்தக் கவலை இல்லை என்று பக்கத்து மேசை மேரி சொன்னாள். சிங்கப்பூர்ச் சான்றிதழ் இருக்கிறதே.

வீட்டில் அப்பாவுக்கு ரயில்வேயிலிருந்து. ரயில்வே மலேசியாவுடையது, அப்பாவின் குடியுரிமைத் தாளும் பாலத்துக்கு அந்தப் பக்கம் ஜோகூரில் எடுத்தது. வரும் ஆண்டில் இந்தப் பக்கக் கேட்டுக்காரர்கள் சிலரை அந்தப் பக்கம் மாற்றுவார்களாம். மறுத்தால் ஓய்வூதியம் இல்லை. நான் படித்துச் சொல்லி முடிக்கும்வரை அம்மா மீனைக் கழுவிக்கொண்டே இருந்தாள்.

"நீங்க போங்க. நான் இந்தக் கேட்ட விட்டு வரமாட்டேன்" என்றாள்.

இந்த வீட்டில் கூரை ஒழுகும். ரயில் போனால் பாத்திரம் ஆடும். எதற்கு இந்தப் பிடிவாதம் என்று நான் கேட்கவில்லை. அப்பாவும் கேட்கவில்லை.

6 பிப்ரவரி 1966, ஞாயிறு

தைப்பூசக் கூட்டம் வடிந்ததும் அம்மா ஒவ்வொரு வருடமும் என்னைக் கோயிலுக்கு அழைத்துப் போவாள். கூட்டம் இருக்காது என்பதற்காக என்று நினைத்திருந்தேன். இன்றும் போனோம். அர்ச்சனைத் தட்டை நீட்டி, "சிவபாக்கியம், மகம்" என்றாள். எங்களுக்குப் பின்னால் பெரிய கிராணி வேட்டியோடு கைகூப்பி நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

பஸ்ஸில் ஏறியதும் கேட்டுவிட்டேன். "அம்மா, ஆவணிப் பௌர்ணமியில மகம் வராது."

அம்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாள். புக்கித் தீமா தாண்டியது. மண்டாய் தாண்டியது. வீட்டுக்கு வந்து, புடவை மாற்றி, அரிசியை முறத்தில் கொட்டி உட்கார்ந்த பிறகுதான் பேசினாள்.

"படிக்க வெச்சமே. என்னைக்காவது கண்டுபுடிப்பேன்னு தெரியும்."

அவள் சொன்னதை அவள் சொன்ன வரிசையிலேயே எழுதி வைக்கிறேன். தாளில் இருக்கும் தேதியில் இந்த வீட்டில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. அப்பா போய்ப் பதிந்தார். அரிசிக் கார்டில் ஒரு பெயர் கூடியது. பதினான்கு மாதத்தில், ஐப்பசி மழையில், மூன்று நாள் காய்ச்சலில் அது போய்விட்டது. அம்மா அப்போது ஐந்து மாதம். சாவைப் பதிந்தால் கார்டில் பெயரை அடித்துவிடுவார்கள். அப்பா விடியற்காலையில் வேலிக்கு உள்ளே குழி வெட்டினார். அடையாளத்துக்கு ஒரு முருங்கைக் கொப்பை நட்டார். மார்கழியில் அப்பாவை ஜோகூரில் கெம்பாஸுக்கு மாற்றினார்கள். தைப்பூசம் முடிந்து இரண்டாம் நாள், கெம்பாஸ் ரயில்வே லயனில் நான் பிறந்தேன். என்னை எங்கும் பதியவில்லை.

"பேரு சும்மா கெடந்துச்சு. அரிசி வந்துக்கிட்டு இருந்துச்சு. ஒன்ன அதுக்குள்ள வெச்சேன்."

சண்டை முடிந்ததும் அப்பா இந்தக் கேட்டையே கேட்டு வாங்கினார். பதவி உயர்வு இரண்டு முறை வந்தும் போகவில்லை.

கேட்கக் கூடாது என்று நினைத்தேன். கேட்டுவிட்டேன். "அவள என்னன்னு கூப்புடுவ?"

"ஒன்னக் கூப்புடுற மாதிரிதான்" என்று சொல்லிவிட்டு அம்மா கல் பொறுக்கத் தொடங்கினாள்.

நானும் பொறுக்கினேன். அரிசியில் இந்த முறை கல் அதிகம்.

8 பிப்ரவரி

விடுப்பு. தலைவலி.

எனக்கு இருபத்திரண்டு வயது. ஒன்றரை வருடம் கையில் கிடைத்திருக்கிறது. வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை.

13 மார்ச், ஞாயிறு

பெரிய கிராணிக்கு நான்கு வரியில் ஒரு கடிதம் எழுதினேன். இந்தத் தாள் என்னுடையது அல்ல, நான் பிறந்தது ஜோகூரில், பதியப்படவில்லை, எனக்குச் சாட்சி என் பெற்றோர் மட்டுமே. கொடுத்தால் வேலை போகும். பள்ளிச் சான்றிதழும் பட்டமும் யாருடையவை என்ற கேள்வி வரும். கொடுக்காவிட்டால் ஜூனில் சத்தியம் செய்ய வேண்டும். கடிதத்தை இந்த நோட்டுக்குள் வைத்திருக்கிறேன்.

அப்பாவுக்குச் சாயங்காலத் தேநீர் கொண்டுபோனேன். சரக்கு ரயிலுக்காகக் கேட்டை மூடிக்கொண்டிருந்தார். அம்மா சொல்லிவிட்டாள் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. கொடியை விரித்துக்கொண்டே பேசினார், என் முகத்தைப் பார்க்காமல்.

"ஜப்பான்காரன் ஆபீசு வாசல் வரைக்கும் போனேன். சாவ எழுதிடலாம்னுதான் போனேன். வரிசையில எனக்கு முன்னால நின்ன ஆளு கார்டுல ஒரு கோடு போட்டாங்க. அந்தாளு அந்தக் கோட்டையே பாத்துக்கிட்டு நின்னாரு. நான் திரும்பி வந்துட்டேன்."

சத்தியம் செய்யச் சொல்கிறார்களே என்றேன். ரயில் வந்துவிட்டது. பெட்டிகள் முழுதும் கடந்த பிறகுதான் சொன்னார்.

"பரிச்ச எழுதினது யாரு? நீ. பேரு ஒன்னோடதுதான்."

"பொறந்த ஊரு?"

"ரெண்டு பேரும் ரயில்வே லயன்லதான் பொறந்தீங்க. கெம்பாஸ்ல ஏறுனா ஒரே டிக்கெட்டு. எறங்குனா வீடு. நடுவுல ஒரு நாடு வரும்னு எவன் கண்டான்?"

தேநீர் ஆறிவிட்டது. குடித்தார்.

21 ஏப்ரல், வியாழன்

வீராயி மறுபடி வந்தாள். ஜூன் கடைசிக்குள் தாள் காட்டாவிட்டால் வேலையை விட்டு நிறுத்துவதாகத் தளத்தில் சொல்லிவிட்டார்களாம். சாட்சிக்குத் தோட்டத்துப் பெரியவர் ஒருவரை அழைத்து வந்திருந்தாள். அவருக்குக் காது சுத்தமாகக் கேட்காது. இவள் பிறந்தது உங்களுக்குத் தெரியுமா என்றால் "ஆமா". செவ்வாய்க்கிழமையா என்றால் "ஆமா". வெள்ளிக்கிழமையா என்றாலும் "ஆமா".

"அப்ப நீங்கள்தான் இவட தாயோ?" என்றார் பெரிய கிராணி.

"ஆமா."

வரிசை முழுதும் சிரித்தது. வீராயியும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு பெரியவரின் கையைப் பிடித்துப் படி இறக்கிக் கூட்டிப் போனாள். அவள் தாளில் என் கையெழுத்து அப்படியே இருக்கிறது. சரிபார்க்க இயலவில்லை.

15 மே, ஞாயிறு

அப்பாவுக்கு உத்தரவு வந்துவிட்டது. ஜூலையிலிருந்து லாயாங்-லாயாங். ஜோகூரில் உள்ளே, காட்டுக்கு நடுவே ஒரு சின்ன நிலையம். குவாட்டர்ஸுக்கு வேறு ஆள் வருகிறார்.

அம்மா மூன்று நாளாக யாரோடும் பேசவில்லை. இன்று நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அப்பாவுக்கு இந்த வயதில் சமைத்துச் சாப்பிடத் தெரியாது, நான் போகத்தான் வேண்டும் என்றாள். நானும் வந்துவிடுகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். கடிதத்தைக் கொடுத்துவிட்டால் எல்லோரும் ஒரே பக்கம் போய்விடலாம். பல நாளாக அப்படித்தான் நினைத்திருந்தேன். சில நாள் அது நிம்மதியாகக்கூட இருந்தது.

"நீ வராத" என்றாள் அம்மா. "மூணு பேரும் போயிட்டா இந்தப் பக்கம் அவளுக்கு யாரு இருக்கா? அவ தாளு ஒன்ன இங்க வெச்சுக்கும். வருசத்துக்கு ஒருநாளு பால் மட்டும் ஊத்து. வேற ஒண்ணும் கேக்கல."

அம்மா மீதிக் கீரையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பழுத்த இலையையும் நல்ல இலையையும் ஒன்றாகவே போட்டாள். நான் பிறகு பிரித்தேன்.

6 ஜூன், திங்கள்

என் முறை பதினொன்றரைக்கு வந்தது. இன்று நான் கண்ணாடிக்கு வெளியே நின்றேன். கடிதம் பையில் இருந்தது.

சான்றிதழைப் பார்த்தார் பெரிய கிராணி. சீனர், மலாய்க்காரர், தமிழர் எவரானாலும் சான்றிதழ் இருப்பவர்களிடம் அவர் வேறு எதுவும் கேட்பதில்லை. என்னிடம் கேட்டார்.

"நட்சத்திரம் என்ன, பிள்ளை?"

பஞ்சாங்கம் அவர் கைக்கருகில் இருந்தது. செய்தித்தாள் சுற்றியபடி. கோயிலில் அவர் எங்களுக்குப் பின்னால் எவ்வளவு தூரத்தில் நின்றார் என்று நினைத்துப் பார்த்தேன். இரண்டு முழம்கூட இருக்காது.

"சதயம்" என்றேன்.

குரல் நன்றாகக் கேட்டது. பக்கத்து முகப்பில் மேரி நிமிர்ந்து பார்த்தாள்.

அவர் பஞ்சாங்கத்தைத் திறக்கவில்லை. அதைத் தூக்கி மேசையின் மறுகோடியில் வைத்தார்.

"ஓம். பொருந்துது" என்று சொல்லிப் பேனாவை நீட்டினார்.

கையெழுத்துப் போட்டேன். கோடு போட்டுப் பழகிய கை, நேராக வந்தது. கடிதம் பையிலேயே வீட்டுக்கு வந்தது. அடுப்பு எரிந்துகொண்டிருந்தது.

9 ஜூன், வியாழன்

வீராயி வந்தாள். ஆளைக் கூட்டி வரவில்லை. பஞ்சாங்கத்தை எடுத்தேன். நட்சத்திரம் என்ன என்று கேட்டேன். பொருந்தியது.

17 ஜூலை, ஞாயிறு

லாரி ஒன்பது மணிக்கு வந்தது. ஆட்டுக்கல், இரண்டு டிரங்குப் பெட்டி, கட்டில், அப்பாவின் சைக்கிள். அப்பா கொடிகளைப் புது ஆளிடம் எண்ணிக் கொடுத்தார். யூசோஃப் என்று பெயர், இளவயது. இந்தக் கேட்டின் வலது கீல் மழைக்காலத்தில் இறுகும், எண்ணெய் விட வேண்டும் என்று அப்பா அவரிடம் மூன்று முறை சொன்னார்.

அம்மா பின்பக்கம் போனவள் வரவில்லை. லாரிக்காரர் ஹாரன் அடித்தார். நான் போய்ப் பார்த்தேன். முருங்கையிலிருந்து ஒரு கொப்பை ஒடித்து ஈரத்துணியில் சுற்றிக்கொண்டிருந்தாள். அங்கே நடுவதற்கு என்றாள்.

ஏறி உட்கார்ந்த பிறகு, "பாக்கியம்" என்று கூப்பிட்டாள். நான் லாரியின் அருகே போனேன். ஆனால் அவள் என்னைப் பார்க்கவில்லை. வீட்டுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் நகர்ந்து வழிவிட்டேன்.

மேரியின் வீட்டுக்குப் பக்கத்தில் எனக்கு ஓர் அறை கிடைத்திருக்கிறது. ஒரு ஜன்னல். அலுவலகத்துக்கு நடந்தே போய்விடலாம்.

4 ஆகஸ்ட்

வேலை நிரந்தரமாகிவிட்டது. புதிய படிவங்கள் அச்சாகி வந்தன. இனி கோடு போட வேண்டாம்.

26 ஆகஸ்ட் 1966, வெள்ளி

அரை நாள் விடுப்பு எடுத்தேன். காரணம் என்ற இடத்தில் 'சொந்த வேலை' என்று எழுதினேன். பெரிய கிராணி படித்துப் பார்க்காமலே கையெழுத்திட்டார்.

காலையிலேயே பால் காய்ச்சிப் பிளாஸ்க்கில் ஊற்றி, இரண்டு டம்ளரைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டேன். பஸ்ஸில் அப்பாவின் கடிதத்தை இன்னொரு முறை படித்தேன். அம்மா சொல்ல அவர் எழுதியது. கொப்பு துளிர்த்துவிட்டது. இங்கே மழை அதிகம். அடுத்த தைப்பூசம் முடிந்து இரண்டாம் நாள் கட்டாயம் வந்துவிடு, இத்தனை வருஷம் உனக்கென்று ஒரு நாள் பால் காய்ச்சவில்லை என்று அம்மா அழுகிறாள். கடைசி வரி அப்பாவுடையது: பாலத்தைத் தாண்டி வர இனிமேல் பாஸ்போர்ட்டு வேண்டும் என்று இங்கே பேசிக்கொள்கிறார்கள், இப்போதே எழுதிப் போட்டு வை.

எழுதிப் போட வேண்டும். பிறந்த இடம்: சிங்கப்பூர். கெம்பாஸைத் தாண்டித்தான் அங்கே போக வேண்டும்.

கிராஞ்சியில் இறங்கினேன். கேட்டருகே புதிதாக ஒரு பலகை வைத்திருக்கிறார்கள். ரயில்வே நிலம், உள்ளே வரக்கூடாது என்று மலாயில். வேலியும் புதிது. முருங்கை உள்ளே நிற்கிறது, காய்த்திருக்கிறது. இந்த ஊரில் பிறந்தவள் அந்த நாட்டு ரயில்வேயின் வேலிக்குள் இருக்கிறாள். அங்கே பிறந்த நான் வெளியே, சாலையில்.

யூசோஃபின் மனைவி துணி உலர்த்திக்கொண்டிருந்தார். உள்ளே வரலாமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. வேலியை ஒட்டி நடந்து, மரத்துக்கு நேரே வந்து குந்தினேன். முதல் டம்ளரை நிரப்பிக் கம்பிக்குக் கீழே கையை விட்டு எட்டிய மட்டும் தள்ளினேன். மரத்தடிக்கு இன்னும் ஒரு கை தூரம் இருந்தது.

அந்தப் பெண் பார்த்துவிட்டார். ஈரத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். சத்தம் போடுவார் என்று நினைத்தேன். டம்ளரைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். குனிந்து டம்ளரை எடுத்து, மரத்தின் வேரோடு சேர்த்து வைத்து, ஆடு தட்டிவிடாமல் பக்கத்தில் ஒரு கல்லை நகர்த்தினார். பிறகு கேட்டார், இங்கே யார் என்று.

என் அக்கா என்று மலாயில் சொன்னேன். தமிழில் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

சாயங்கால ரயில் வருவதற்குள் இரண்டாவது டம்ளரை நின்றபடியே குடித்தேன். சர்க்கரை போட மறந்திருக்கிறேன்.